மணலில் தோண்டிய வங்காள விரிகுடா

“திமிங்கிலத்துக்குப் பாஸ் வேணுமோ ரீச்சர்?”

இப்படிக் கேட்டவள் என்னுடைய ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பதில் வந்தால்தான் அமர்வேன் என்பதுபோல வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கும். இன்றைக்கும் அப்படித்தான். “ரீச்சரின்ர வாயில விழுந்தால் எழும்ப ஏலாது” என்று பிள்ளைகள் எனக்குப் பின்னால் கதைப்பது தெரிந்தும் நான் என்னைத் திருத்திக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்குக் கோபம் வரவில்லை. கேள்வியில் என்ன பிழை? அவள் மீன்பிடிக்கிறவரின் மகள். யுத்த காலத்துத் திருகோணமலையில் கடலில் இறங்குகிற எவருக்கும் நேவியின் பாஸ் வேண்டும். விடியுமுன் போக ஏலாது, பொழுதுபட்ட பின் நிற்க ஏலாது, குறித்த எல்லையைத் தாண்ட ஏலாது, பெரிய எஞ்சின் பூட்ட ஏலாது. அவளுடைய அப்பா காலையில் நேவியின் கரைக் காவலரணான சென்றியில் பெயரைப் பதிந்துவிட்டுப் போய், பின்னேரம் வந்து அங்கே முகத்தைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவர். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு திமிங்கிலம் எப்படி ஒருவரையும் கேளாமல் போய்வருகிறது என்று அவள் யோசித்தது நியாயந்தான்.

“வேண்டாம் பிள்ளை. அதுக்கு அடையாள அட்டையும் வேண்டாம், பாஸும் வேண்டாம்” என்றேன்.

“குடுத்து வைச்ச சீவன்” என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள்.

அந்தப் பிள்ளைக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். எத்தனையோ பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்திருக்கிறேன். அதில் பாதி சோதனை எழுதியதோடு காற்றில் போயிருக்கும். அவள் ஒருத்தி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் திமிங்கிலம் எங்கள் வகுப்புக்குள் வந்த விதத்தைச் சொல்லவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கோயில் கோட்டைக்குள், கோட்டை ஆமியிடம். வாசலில் சாப்பாட்டுப் பெட்டிகளைக்கூடத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். பூசை முடிந்து மலை விளிம்பில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காவலுக்கு நின்ற இளவயது ஆமிக்காரன் ஒருவன் திடீரென்று “தல்மஸா! தல்மஸா!” என்று கத்தினான். ஆமிக்காரன் கத்தினால் கீழே படுக்கவேண்டும் என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டு மூன்று பேர் படுத்தும் விட்டார்கள். அவனோ கடலைக் காட்டிச் சிரிக்கிறான். சிங்களத்தில் தல்மஸா என்றால் திமிங்கிலம். பார்த்தால், மலைக்கு நேரே வெள்ளைப் புகைபோல நீர் எழும்பி நின்றது. பிறகு ஒரு கரிய முதுகு வழுக்கிக்கொண்டு போயிற்று. போயிற்று, போயிற்று, முடிகிற வழியாகத் தெரியவில்லை.

“அப்பா சொன்னவர்! இதைத்தான் அப்பா சொன்னவர்!” என்று அந்தப் பிள்ளை துள்ளினாள்.

ஆமிக்காரன் தன் கழுத்திலிருந்த தொலைநோக்கியைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இரண்டு பிள்ளைகள் பார்ப்பதற்குள் மேலேயிருந்து அவனுடைய பெரியவர் சிங்களத்தில் அதட்டினார். அவன் தொலைநோக்கியை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு ஓடிவிட்டான். நன்றி சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் என்னைப் பாடம் நடத்தவே விடவில்லை. எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது, ஏன் எங்கள் பக்கம் வருகிறது, குட்டி எங்கே போடும் என்று பிய்த்து எடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் இருந்ததோ நாலு வரி. என்னிடம் நான் படித்த காலத்துத் தேசப்படப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் இந்து சமுத்திரத்துக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தில் இருந்த, சுவரில் தொங்கவிடுகிற பெரிய படத்தைக் கறையான் தின்றுவிட்டது. புதிது ஒன்று கொண்டு வருவதென்றால், கரையும் துறைமுகமும் போட்ட படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டிலிருந்து நிலாவெளி வீதியில் இருக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் ஒவ்வொரு சென்றியிலும் பஸ்ஸை விட்டு இறங்கி விளக்கம் சொல்லவேண்டும். அந்தப் பொறுமையைக் கடவுள் எனக்குத் தரவில்லை.

“எல்லாரும் வெளியால வாங்கோ” என்றேன்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் நாவல் மரம் ஒன்று நின்றது. அதன் கீழே நல்ல மணல். அங்கேதான் இந்து சமுத்திரத்தைத் தோண்டினோம். கடல் பள்ளம், தரை மேடு. இந்தியாவை நான் குவித்தேன். இலங்கையைப் பிள்ளைகளிடம் விட்டேன். திரும்பிப் பார்த்தால் இலங்கை இந்தியாவளவு நிற்கிறது. “என்ன கூத்து இது? குறையுங்கோ” என்றால், “எங்கட நாடுதானே ரீச்சர், இருந்திட்டுப் போகட்டும்” என்கிறார்கள். ஒருவழியாகக் குறைத்தோம். மேற்கே அரபிக் கடல், அதற்கப்பால் ஆபிரிக்கா. கிழக்கே வங்காள விரிகுடா, அதன் மறுகரையில் பர்மா, நடுவில் அந்தமான் தீவுகளுக்குச் சிப்பி ஓடுகள். திருகோணமலைத் துறைமுகத்தின் வாசலில் முழங்கை வரைக்கும் தோண்டச் சொன்னேன். எங்கள் துறைமுக வாயிலிலேயே கடலுக்கடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. அதனால்தான் அவ்வளவு பெரிய சீவன் கரைக்கு அவ்வளவு கிட்ட வருகிறது. “அப்ப எங்கட வாசலுக்குள்ளயே அதுக்கு ரோட்டு இருக்கு” என்றது ஒரு பிள்ளை. அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

திமிங்கிலத்துக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை. பங்குனி சித்திரையில் அரபிக் கடல் பக்கத்திலிருந்து இலங்கையின் தெற்கைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வரும், மாரி தொடங்க வந்த வழியே திரும்பும் என்று சொல்லி, வாரத்துக்கொரு தரம் அதை நகர்த்தினோம். தென்துருவம் வரைக்கும் போகும் என்றுதான் புத்தகம் சொன்னது. எங்கள் கடலில் இருப்பவை அவ்வளவு தூரம் போவதில்லை என்று ஒரு பழைய பத்திரிகைத் துண்டில் வாசித்திருந்தேன். இரண்டையும் சொன்னேன். “சூட்டுக்குப் பழகின உடம்பு, குளிருக்கு ஏன் போகப்போகுது?” என்று பிள்ளைகள் பத்திரிகையின் பக்கம் நின்றார்கள்.

தோண்டிய மறுநாள் வந்து பார்த்தால் சமுத்திரம் முழுக்கச் சோடா மூடி. துறைமுக வாயிலில் ஒன்று, தெற்கு முனையில் ஒன்று, மாலைதீவில் ஒன்று, ஏடன் வளைகுடாவில் இரண்டு.

“இது என்ன குப்பை?”

“சென்றி ரீச்சர்.”

“கடலுக்கு நடுவில எந்த மடையன் சென்றி போடுவான்?”

“நேவி போடும் ரீச்சர்.”

விளையாட்டாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து வாயைத் திறந்தேன். முகங்களைப் பார்த்து மூடிக்கொண்டேன். விளையாட்டே இல்லை. அவர்களுக்குத் தூரம் என்றால் அதுதான். மூதூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மைலில் சொல்லமாட்டார்கள். தரைவழியே போனால் இத்தனை சென்றி என்றுதான் சொல்வார்கள். சென்றி இல்லாத பாதையை அந்தப் பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை. அப்படியானால் ஆபிரிக்காவுக்கு எத்தனை சென்றி இருக்கவேண்டும்? கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

நான் மணலில் குந்தி ஒவ்வொரு மூடியாகப் பிடுங்கினேன். “இங்க இல்லை. இங்கயும் இல்லை. இங்க ஒருத்தரும் நிப்பாட்ட மாட்டினம்.” பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். துறைமுக வாயில் மூடியில் கை வைத்தபோது, “அதை எடுக்காதேங்கோ ரீச்சர், அது இருக்கிறதுதான்” என்றார்கள். ஓம், அது இருந்ததுதான். விட்டுவிட்டேன்.

வைகாசியில் நீரோட்டத்துக்கு வந்தோம். காற்றின் பெயர்கள் கரையோரப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆடி ஆவணியில் தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் சூட்டுக் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். மாரியில் மறுபக்கத்திலிருந்து வருவது வாடை. வாடைக் காலத்தில் எங்கள் கரைகளில் மூங்கில் ஒதுங்கும். சில நேரம் கட்டிய தெப்பமாகவே வந்து சேரும். பர்மாப் பக்கத்து ஆறுகளில் கட்டுகிற தெப்பங்கள் அறுந்து கடலோடு வருகின்றன. எங்கள் பக்கத்தில் பாதி வேலி அந்த மூங்கில்தான். பிள்ளைகளுக்கு அது கடல் தருகிற சாமான். எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டதில்லை. மணலில் நான் பர்மாவைக் காட்டியதும் வகுப்பே கலகலத்தது.

“அப்ப மாரியில அங்கயிருந்து இங்க வருகுதெண்டால், கச்சானுக்கு இங்கயிருந்து அங்க போகுமோ?” என்று கேட்டவளும் அவள்தான்.

“போகும். இங்க கைவிட்ட செருப்பு அந்தமானில ஆரோ ஒருத்தரின்ர காலில ஏறும்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஆடி மாதத்தில் அவளுடைய அப்பா கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

கூடப் போகிறவருக்குக் காய்ச்சல், தனியாகப் போயிருந்தார். கச்சான் அடித்துக்கொண்டிருந்த நாள். எஞ்சின் நின்றிருக்கும் என்றார்கள் சிலர். வேறு கதைகளும் கதைத்தார்கள். அந்தக் காலத்தில் கடலில் ஒருவர் காணாமற் போனால் வேறு கதைகளுக்குப் பஞ்சமில்லை. தேடிப்போகலாம் என்றால் எல்லைக்கு வெளியே யார் போவது? உறவுக்காரர்கள் எல்லைவரை போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். வீட்டில் ஒப்பாரி எழும்பிவிட்டது.

அந்த வாரம் முடியுமுன் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. வகுப்புக்குள் வராமல் நேரே நாவல் மரத்தடிக்குப் போய் நின்றாள். நான் பின்னாலே போனேன்.

“ரீச்சர், இப்ப கச்சான்தானே?”

“ஓம்.”

“அப்ப அந்தமானுக்குத்தானே கொண்டு போகும்?”

பாடம் என்றால் பாடம். வகுப்பில் ‘போகும்’ என்று வாய் நிறையச் சொன்னவள் நான். இப்போது ‘தெரியாது’ என்று எப்படிச் சொல்வேன்?

“அந்தப் பக்கந்தான் போகும்” என்றேன்.

“தண்ணி முடிஞ்சால்?”

“அந்தப் பக்கத்தில இப்ப மழைக்காலம் பிள்ளை. மழை பெய்யும்.”

அவ்வளவுதான் சொன்னேன். அவள் குனிந்து, கிடந்த ஒரு புளியங்கொட்டையை எடுத்து, எங்கள் கரைக்குச் சற்று வெளியே வைத்தாள். அடுத்த நாள் வந்து ஒரு விரல் அகலம் கிழக்கே நகர்த்தினாள். அதற்கடுத்த நாள் வகுப்பு முழுவதும் சுற்றி நின்றது. நான் மறிக்கவில்லை. சிரட்டையை ஒருவரும் தொடவில்லை. எல்லாருடைய கண்ணும் புளியங்கொட்டையில்தான்.

அந்த நாட்களில் ஒரு பிள்ளை என்னிடம் தனியாக வந்து, “ரீச்சர், ரோட்டில வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போன ஆக்களுக்கும் இப்பிடி ஓட்டம் ஏதும் இருக்கோ?” என்று கேட்டாள். அவளுடைய அண்ணனைக் காணாமல் அப்போது வருடம் கடந்திருந்தது. நான் அவளை அணைத்துக்கொண்டு நின்றேன். அதற்கு என்னிடம் படம் இருக்கவில்லை.

பிறகு புயல் வந்தது, கடலிலிருந்து அல்ல. புளியங்கொட்டை வைத்த பிள்ளையின் மாமி, அதாவது அப்பாவின் அக்கா, ஒருநாள் இடைவேளை நேரம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

“நீங்களோ அந்தக் கடல் படிப்பிக்கிற ரீச்சர்?”

“ஓம், நான்தான். உள்ள வாங்கோ.”

“உள்ள வர வரேல்ல. என்ர தம்பி போய்ச் சேர்ந்திட்டான். அவனுக்குக் கிரியை செய்து அந்தியேட்டி முடிக்கவேணும். உங்கட வகுப்புப் பிள்ளை தாயின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, தாலியைக் கழட்டாதேங்கோ, அப்பா அந்தமானுக்குப் போறார், ரீச்சர் சொன்னவ எண்டு நிக்குது. தாயும் அதைக் கேட்டுக்கொண்டு கல்லுப்போல இருக்கிறாள். கிரியை இல்லாமல் அவன் அந்தரிச்சுத் திரியப்போறான். நீங்க இங்க மண்ணில புளியங்கொட்டை உருட்டி விளையாடுறியள்!”

எனக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. “நான் ஆரின்ர தாலியைப் பற்றியும் கதைக்கேல்ல. தண்ணி எந்தப் பக்கம் ஓடுமெண்டு பிள்ளை கேட்டாள், சொன்னனான். பொய் சொல்லச் சொல்லுறியளோ?”

“உண்மை தெரிஞ்சால் சொல்லுங்கோ! அவன் இருக்கிறானோ? சொல்லுங்கோ பார்ப்பம்!”

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிள்ளைகள் எல்லாரும் அரைச்சுவரால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிபர் என்னைக் கூப்பிட்டு, “ரீச்சர், மரத்தடியில தோண்டின கிடங்கை மூடிவிடுங்கோ. ஊர்ப் பகை எங்களுக்கு வேண்டாம்” என்றார். நல்ல மனிதர், பயந்தவர். “நீங்கள் சொன்னால் மூடலாம் சேர். பிள்ளையளுக்கு நீங்கள்தான் வந்து சொல்லவேணும்” என்றேன். அவர் நாவல் மரத்தடி வரைக்கும் வந்தார். புளியங்கொட்டை பாதிக் கடல் போயிருந்தது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “மழை வந்தால் தானாய் மூடும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அந்த மனிதருக்கும் என் நன்றி.

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக்கு நாள் வைத்துக் கிரியை செய்கிறவரையும் அழைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னால் வீட்டில் இருக்க ஏலவில்லை. போனேன். முற்றம் நிறையச் சனம். உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்ய எல்லாம் ஆயத்தமாக இருந்தது. தாய் சுவரோடு சாய்ந்து இருந்தார். மகள் அவருடைய மடியில் கவிழ்ந்து கிடந்தாள். நான் உள்ளே வரவும் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அது மரியாதைக்கு விட்ட வழியல்ல.

தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க படிச்ச ஆள். நீங்க சொல்லுங்கோ ரீச்சர். கழட்டவோ, விடவோ?”

சும்மா வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு அன்று ஒரு சொல் எடுக்க எவ்வளவு பாடு!

“அவர் இருக்கிறாரோ இல்லையோ எனக்குத் தெரியாது” என்றேன். “எனக்குத் தெரிஞ்சது தண்ணி போற பக்கம் மட்டுந்தான். அந்தப் பக்கத்தில தரை இருக்கு. அது மட்டும் உண்மை.”

தாய் கணவரின் அக்காவைப் பார்த்து, “மச்சாள், மூங்கில் வாற காலம் வரைக்கும் விடுங்கோ. கடல் திரும்புற நேரத்திலயும் அவர் வரேல்லயெண்டால், நீங்க சொல்லுறதை நான் செய்யிறன்” என்றார்.

நான் சொன்னதை எடுத்து, முடிவைத் தானே சுமந்துகொண்டார். என் தலையில் இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அதற்குப் பிறகு அவர் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. சுமங்கலி என்று ஒருவரும் நல்ல காரியத்துக்கு அழைக்கவில்லை. விதவை என்று இரங்கவும் இல்லை. கிணற்றடியில் கண்கள் எல்லாம் அவருடைய கழுத்துக்குத்தான் போகும். தாலிக்கொடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தார். மணலில் புளியங்கொட்டை அந்தமான் சிப்பிகளைத் தொட்டது. மகள் அதை ஒரு சிப்பியின் மேல் ஏற்றி வைத்தாள். பிறகு நகர்த்த இடமில்லை. ஐப்பசியில் மழை தொடங்கியது. எங்கள் வங்காள விரிகுடாவில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. இரண்டு நாளில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை.

மார்கழியில் ஒரு காலை, என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நேரம் பிந்தி வந்தார்கள். முழங்கை வரைக்கும் மணல். கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பிரம்பை எடுத்த பிறகுதான் ஒன்று உளறியது. முதல் மூங்கில் கரையொதுங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மா காணாதபடி இழுத்துப்போய்த் தாழம்புதருக்குள் மணல் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறார்கள்.

“மூங்கிலைக் காணாட்டி காலம் வரேல்லத்தானே ரீச்சர்?”

பிரம்பை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். எத்தனை மூங்கிலை மூடுவார்கள்? கடல் அந்த வருடம் வஞ்சகமில்லாமல் தந்தது. ஒரு வாரத்தில் கரை முழுக்க மூங்கில். ஊர் வேலி கட்டத் தொடங்கியது. தாய் முதல் நாளே கண்டிருந்தார் என்று பிறகுதான் அறிந்தேன். பிள்ளைகள் இழுத்துப் போவதையும் கண்டு, காணாதவர் போல இருந்திருக்கிறார். மாமி ஒன்றும் கேட்கவில்லை. தைப்பூசம் கழியக் கிரியைக்கு ஒரு நாள் பார்த்தார். தாய் தலையசைத்தாராம். நான் நாள் எண்ணவும் பயந்து, கோயிலுக்குப் போய்க் கோணேசரோடு சண்டை பிடித்தேன்.

தை பிறந்து கொஞ்ச நாளில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சந்தியில் கொமினிகேசன் என்ற தொலைபேசிக் கடை வைத்திருந்த கிண்ணியாக்கார முதலாளி. அவருடைய கடை வாசலில்தான் நான் பஸ்ஸுக்கு நிற்பேன். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

“ரீச்சர், கடல்ல போன அந்தப் புள்ளைட அப்பா கோல் எடுத்திரிக்கார். அந்தமான்ல இரிக்காராம். உசிரோட இரிக்கார் ரீச்சர்! பின்னேரம் திரும்ப எடுப்பாராம், எல்லாரையும் கூட்டி வரட்டாம்.”

கையிலிருந்த வெண்கட்டி விழுந்ததுதான் தெரியும். வகுப்பு எழுப்பிய சத்தத்துக்கு அதிபர் ஓடி வந்துவிட்டார்.

பிறகு தெரிந்த கதை இது. எஞ்சின் நின்று, கச்சான் வெளியே தள்ளி, மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்து, தூண்டிலில் பட்டதைப் பச்சையாகத் தின்று போயிருக்கிறார். அரை உயிராக ஒரு தீவில் ஒதுங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, பாஸ்போட்டும் இல்லை, பாஷையும் இல்லை என்று மறியல் சிறையில் இருந்திருக்கிறார். அங்கே தமிழ் பேசுகிற காவலர் ஒருவர் மாற்றலாகி வந்த பிறகுதான் இவருக்கு வாய் திறந்தது. இவருக்கு மனதில் இருந்த ஒரே தொலைபேசி இலக்கம், முதலாளியின் கடைச் சுவரில் பெரிதாக எழுதியிருந்த இலக்கம். தினமும் அந்த வழியால் போய்வந்து பாடமாகியிருக்கிறது. அந்தக் காவலரையும் நான் கண்டதில்லை. அவருடைய பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

பின்னேரம் கடைக்குள் நாங்கள் நால்வர்: தாய், மகள், மாமி, நான். முதலாளி வேறு ஒருவரையும் உள்ளே விடவில்லை. மாமி ஒரு மூலையில் நின்றார். நம்பவும் ஏலாமல், நம்பாமல் இருக்கவும் ஏலாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மணி அடித்ததும் முதலாளி எடுத்து, “இரிங்க, குடுக்கன்” என்று சொல்லித் தாயிடம் நீட்டினார்.

தாய் வாங்கிக் காதில் வைத்தார். உள்ளேயிருந்து “ஹலோ, ஹலோ” என்று ஒரு குரல் தேய்ந்து தேய்ந்து எங்களுக்கே கேட்டது.

“அம்மா, கதையுங்கோ! வச்சிடப்போறார்!” என்று மகள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“சாப்பிட்டனீங்களோ?” என்றார் தாய்.

அதற்குமேல் அவரால் ஏலவில்லை. மகள் வாங்கி “அப்பா, அப்பா” என்று அதையே சொன்னாள். மாமி மூலையிலிருந்து ஓடிவந்து பறித்தார். “டேய், எங்கயடா போனனீ? உன்னைக் காணாமல் நாங்கள் செத்துப் பிழைச்சது உனக்குத் தெரியுமோடா?” என்று திட்டத் தொடங்கி, அந்தப் பக்கத்திலிருந்து “அக்கா” என்று ஒரு சொல் கேட்டதும் அப்படியே கதிரையில் விழுந்துவிட்டார். தொலைபேசி மறுபடி தாயின் கைக்குப் போயிற்று.

தாய் கதைத்துக்கொண்டிருக்கும்போது மாமி எழும்பி அவருக்கு முன்னால் வந்து நின்றார். தம்பி மனைவியின் சட்டைக்குள் விரலை விட்டுத் தாலிக்கொடியை வெளியே எடுத்தார். அதை இரண்டு கண்களிலும் ஒற்றினார். பிறகு சேலைக்கு மேலே, எல்லாரும் காண, நேராக்கி விட்டார்.